இரண்டு ஈஜிஎஃப்ஆர்

1

என் பெரியம்மாவின் மருத்துவக் கோப்பில் 'ஈஜிஎஃப்ஆர்' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. இரண்டு இடங்களில் வந்திருக்க வேண்டும். வராமல் போன அந்த இரண்டாவது இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் ஈஜிஎஃப்ஆர் சிறுநீரகத்துக்கானது. ரத்தத்தில் உள்ள க்ரியாட்டினின் அளவு, வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்று போடும் உத்தேசக் கணக்கு. லேப் ரிப்போர்ட்டில் கடைசி வரியாக இருக்கும். இரண்டாவது, நுரையீரல் புற்றுக்கானது. கட்டியின் செல்லில் பார்க்க வேண்டிய ஒரு மரபணுவின் பெயர். அதில் குறிப்பிட்ட சில மாற்றங்கள் இருந்தால் கீமோவை ஒத்திவைத்துவிட்டு தினமும் ஒரு மாத்திரையில் சிகிச்சையைத் தொடங்கலாம். ஆங்கிலத்தில் முதலாவதன் முதல் எழுத்தைச் சின்னதாகப் போட்டு இரண்டையும் பிரித்துக் காட்டுவார்கள். தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் கிடையாது.

பெரியம்மாவுக்கு ஊர் பிரம்மதேசம், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருப்பது. கோடை முழுக்க மரக்காணம் உப்பளத்தில் வேலை. மழை வந்தால் நடவு, களையெடுப்பு. இப்படி முப்பது வருடம். பீடி, புகையிலை, வெற்றிலை எதுவும் தொட்டதில்லை. விறகடுப்பு மட்டும் உண்டு. 58 வயதில் இருமல் வந்தது. முதலில் டிபி என்றார்கள். சளியில் கிருமி இல்லாமலேயே இரண்டு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டார். பிறகு ஸ்கேன், பயாப்சி. நுரையீரலில் அடினோகார்சினோமா, முதுகெலும்பின் மேல்பகுதி வரை பரவியது. அதே ரத்தப் பரிசோதனையில் க்ரியாட்டினின் 1.6.

அவரை அழைத்துப்போன மருத்துவமனை எது என்று சொல்லப்போவதில்லை. இது ஒரு மருத்துவமனையின் பிரச்சினை இல்லை. புற்றுநோய் மருத்துவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "உப்பு கூட இருக்கும்மா. கீமோ தாங்காது. கிட்னி டாக்டரைப் பார்த்து ஒப்பினியன் வாங்கிட்டு வாங்க" என்றார். சிறுநீரக மருத்துவரைப் பார்க்க எட்டு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அவர், "கிட்னி இப்போதைக்கு ஸ்டேபிளாதான் இருக்கு. கேன்சருக்கு என்ன குடுக்கறதுன்னு அவங்கதான் சொல்லணும்" என்று எழுதிக் கொடுத்தார். திரும்பவும் முதல் அறை. முதல் மருத்துவர் இந்த முறை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கிட்னி வேற இருக்கு, எதுக்கு அவங்களைக் கஷ்டப்படுத்தணும்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேக்கறத வாங்கிக் குடுங்க."

படித்த பையன் என்பதற்காகத்தான் என்னைக் கூட அழைத்துப் போயிருந்தார்கள். நான் தலையாட்டினேன். வண்டி நிறுத்துமிடத்தில் பெரியப்பாவிடம் விஷயத்தை நான்தான் சொன்னேன். பெரியம்மா ஆட்டோவில் உட்கார்ந்தபடி, "இன்னா தம்பி சொன்னாரு?" என்று கேட்டார். உப்பு அதிகமா இருக்காம் பெரிம்மா என்றேன். சிரித்தார். "உப்புலியே பொயச்சவளுக்கு உப்புதான் ஏறும், வேற இன்னா ஏறும்?"

நான்கு மாதம் பதினோரு நாள்.

2

அவர் இறந்து ஓராண்டுக்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். சாவை விசாரிக்க வேண்டும் என்ற எண்ணம் எதுவும் இல்லை. காப்பீட்டுக் காகிதம் ஒன்றைத் தேடியபோது அந்தக் கோப்பு கையில் அகப்பட்டது. க்ரியாட்டினின் 1.6, லேப் அச்சிட்டிருந்த ஈஜிஎஃப்ஆர் 37. '37 என்றால் என்ன?' என்று அன்றைக்கு நான் கேட்கவில்லையே என்று தோன்றியது. எண்களோடு புழங்குவது என் பிழைப்பு. அன்று பார்த்து ஒரு எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன்.

படித்தபோது முதலில் அதிர வைத்தது கார்போபிளாட்டின் என்ற மருந்தின் கதை.

அதற்கு முன்னால் சிஸ்பிளாட்டின் இருந்தது. 1965இல் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாவுக்குள் மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது, பிளாட்டினக் கம்பியிலிருந்து கசிந்த ஏதோ ஒன்று செல்கள் பிரிவதை நிறுத்துவதைக் கண்டார். அங்கிருந்து பிறந்த மருந்து அது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது கட்டி கரைந்தது, கூடவே சிறுநீரகமும் போனது. ஏறக்குறைய கைவிடும் நிலை. பிறகு மருந்துக்கு முன்னும் பின்னும் லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றினால் சிறுநீரகம் பெருமளவு தப்பிக்கும் என்று கண்டுபிடித்தார்கள். 1978இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனாலும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்றும் அது ஆகாது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அதனால்தான் லண்டனில் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையும் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் ஜான்சன் மாத்தே கம்பெனியும் சேர்ந்து இன்னொரு பிளாட்டின மருந்தைத் தேடின. நச்சு குறைந்த, முக்கியமாகச் சிறுநீரகத்தை இவ்வளவு அடிக்காத மருந்து. அதுதான் கார்போபிளாட்டின். 1989இல் ஹிலரி கால்வர்ட்டும் சகாக்களும் அதை எவ்வளவு கொடுப்பது என்பதற்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எட்டாம் வகுப்புக் கணக்கு: சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தோடு 25ஐக் கூட்டு, மருத்துவர் தேர்ந்தெடுக்கும் இலக்கு எண்ணால் பெருக்கு. வருவது மில்லிகிராம்.

பெரும்பாலான கீமோ மருந்துகளை உடலின் பரப்பளவை வைத்து அளப்பார்கள். இதை மட்டும் சிறுநீரகத்தை வைத்து அளக்கிறார்கள். சூத்திரத்தில் நோயாளியைக் குறிக்கும் எண் ஒன்றே ஒன்றுதான், அது அவருடைய சிறுநீரகம். சிறுநீரகம் நன்றாக உள்ள ஒருவருக்கு, வேகம் 90 என்று வையுங்கள், இலக்கு 5 என்றால் 575 மில்லிகிராம் வரும். பெரியம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். எடை 46 கிலோ. காக்ராஃப்ட்-கால்ட் கணக்குப்படி அவர் வேகம் 28. இருபத்தெட்டும் இருபத்தைந்தும் ஐம்பத்து மூன்று, அதை ஐந்தால் பெருக்கினால் 265 மில்லிகிராம். செல்போனில் அரை நிமிடம்.

கால்வர்ட் இந்தச் சூத்திரத்தை ஆரோக்கியமானவர்களை மட்டும் வைத்து உருவாக்கவில்லை. அவருடைய ஆய்வில் சிறுநீரக வேகம் 33 வரை இறங்கிய நோயாளிகள் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்துக் கணக்குப் போடத்தான் அந்தச் சூத்திரமே. டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக்கூட, டயாலிசிஸ் நேரத்தோடு பொருத்தி இந்த மருந்தைக் கொடுத்த அனுபவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

ஆக, சிறுநீரகத்துக்காகவே ஒரு மருந்தைத் தேடிக் கண்டுபிடித்து, சிறுநீரகத்தை வைத்தே அதன் அளவையும் கணக்கிட்டு, முப்பது வருடத்துக்கு மேல் கையில் வைத்திருக்கிறோம். அப்புறம் உப்பளத்திலிருந்து வந்த ஒருத்தியிடம் 'கிட்னி வேற இருக்கு' என்கிறோம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சிறுநீரகக் கோளாறு என்பது 'எவ்வளவு, எது' என்ற கேள்விக்கான தகவல். 'கொடுக்கலாமா வேண்டாமா' என்ற கேள்விக்கு அது மட்டுமே பதிலாகிவிடாது. நம் மருத்துவமனைகளில், குறிப்பாக ஏழைகளிடம், அதைப் பதிலாகச் சொல்கிறார்கள். அந்தப் பழக்கம் தவறு.

3

'கீமோ தாங்காது' என்ற இரண்டு சொல்லில் எத்தனை மருந்துகள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன என்று பாருங்கள்.

சிஸ்பிளாட்டின் ஆகாது, சரி. அடினோகார்சினோமாவுக்கு அதிகம் பயன்படுத்தும் பெமெட்ரெக்செட் மருந்தும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் வேகம் 45க்குக் கீழ் போனால் பரிந்துரைப்பதில்லை. அதுவும் சரி. ஆனால் பாக்லிடாக்சல், டோசிடாக்சல் இரண்டையும் பெரும்பாலும் கல்லீரல்தான் கழிக்கிறது. நுரையீரல் புற்றின் நிலைமையையே மாற்றிய இம்யூனோதெரபி மருந்துகள், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவை, ஆன்டிபாடிகள். சிறுநீரகம் அவற்றை வடிகட்டுவதே இல்லை. சிலருக்கு அவை சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கும், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் க்ரியாட்டினின் 1.6 என்பதற்காக அளவைக் குறைக்க வேண்டியதில்லை. அவற்றின் விலை வேறு கதை. அந்தக் கதையைப் பணத்தின் கதையாகவே நேராகச் சொல்லட்டும், சிறுநீரகத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

இனி இரண்டாவது ஈஜிஎஃப்ஆர். அந்த மரபணுவில் மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுக்கு கெஃபிடினிப் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்யும் என்று 2004இல் பாஸ்டனில் கண்டுபிடித்தார்கள். கீமோவைவிட மாத்திரையே நோயை அதிக காலம் அடக்கி வைக்கிறது என்று 2009இல் ஆசிய நோயாளிகளிடம் நடந்த பெரிய ட்ரையல் காட்டியது. இந்த மாற்றம் யாருக்கு அதிகம்? ஆசியர்களுக்கு, பெண்களுக்கு, புகைபிடிக்காதவர்களுக்கு, அடினோகார்சினோமா உள்ளவர்களுக்கு. இந்தியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இந்த மாற்றம் இருப்பதாக வெவ்வேறு மையங்களின் ஆய்வுகள் சொல்கின்றன. கெஃபிடினிப்பை இந்தியக் கம்பெனிகள் பல வருடமாகக் குறைந்த விலையில் தயாரிக்கின்றன. அதைக் கழிப்பது கல்லீரல். புதிய மாத்திரையான ஓசிமெர்டினிப்பும் அப்படியே. சிறுநீரக வேகம் 15 வரை இறங்கினாலும் அதன் அளவை மாற்ற வேண்டாம் என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது.

பெரியம்மா ஆசியர், பெண், புகைபிடிக்காதவர், அடினோகார்சினோமா. நான்கும் பொருந்துகின்றன. பயாப்சித் துண்டும் மெழுகுக் கட்டியாக லேபில் இருந்தது. அதை அனுப்பிப் பார்க்கவில்லை. ஏன்? கிட்னி இருக்கு. கிட்னிக்கும் அந்தச் சோதனைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. முதல் ஈஜிஎஃப்ஆரைப் பார்த்ததும் இரண்டாவதைத் தேடும் எண்ணமே போய்விட்டது.

சோதனையில் மாற்றம் இல்லை என்றும் வந்திருக்கலாம். இருந்து, மாத்திரை கொடுத்து, அவர் ஒரு வருடம் கூட இருந்திருக்கலாம், இரண்டு மாதத்திலும் போயிருக்கலாம். நுரையீரலைத் தாண்டிப் பரவிய புற்று குணமாகும் என்று நான் சொல்லவில்லை. சீட்டு எடுப்பதற்கு முன்பே 'உன் சீட்டு வெறும் சீட்டு' என்று சொல்லிவிட்டார்கள் என்கிறேன்.

4

மருத்துவர்கள் ஏன் இப்படிச் சொல்கிறார்கள்? கெட்ட எண்ணத்தால் இல்லை. என் தொழிலில் நான் செய்த ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

சில வருடம் முன்பு எங்கள் குழு ஒரு செயலியைச் செய்தது. டெஸ்டிங் செய்ய நேரம் குறைவு. பழைய, மெமரி குறைந்த போன்களைச் சோதனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். செயலி வெளிவந்தது. பழைய போன் வைத்திருந்தவர்கள் பிரச்சினை என்று எழுதினார்கள். 'உங்கள் போனுக்கு சப்போர்ட் கிடையாது' என்று பதில் போனது. ஏன் கிடையாது? சோதித்துப் பார்க்கவில்லை. ஏன் சோதிக்கவில்லை? நேரமில்லை. எங்களுடைய நேரமின்மை அவர்களுடைய போனின் குறையாக மாறிவிட்டது. அந்தப் பதிலை எழுதும்போது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. விதிமுறைப்படி அது உண்மைதானே.

புற்றுநோய் ட்ரையல்களில் நடப்பதும் இதுதான். 2018இல் வெளிவந்த ஒரு ஆய்வு, நுரையீரல், மார்பு, குடல், புராஸ்டேட், சிறுநீர்ப்பை ஆகிய ஐந்து புற்றுகளுக்காக 2012 முதல் 2017 வரை வெளியான 310 ட்ரையல்களை எடுத்துப் பார்த்தது. அதில் 264 ட்ரையல்கள் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை வெளியே நிறுத்தியிருந்தன, அதாவது 85 விழுக்காடு. மருந்து சிறுநீரகம் வழியாகப் போகிறதோ இல்லையோ, 'க்ரியாட்டினின் இவ்வளவுக்கு மேல் இருந்தால் சேர்க்காதே' என்ற வரியை ஒரு ட்ரையலிலிருந்து அடுத்ததற்கு எடுத்துப் போட்டுக்கொண்டே போகிறார்கள். பிறகு மருத்துவர் கையேட்டைத் திறந்தால் சிறுநீரக நோயாளிகளுக்கு 'போதிய தரவு இல்லை' என்றிருக்கும். போதிய தரவு இல்லாததால் கொடுப்பதில்லை, கொடுக்காததால் தரவு வருவதில்லை.

அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர் சங்கமே 2017இல் இதை மாற்றச் சொன்னது. சிறுநீரகம் வழியாக வெளியேறாத மருந்தென்றால் வேகம் 30க்கு மேல் உள்ளவர்களைத் தாராளமாகச் சேருங்கள் என்றது. நம்மூரில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அதைவிட ஒருபடி மேலே போயிருக்க வேண்டும். ஏனென்றால் நம்மிடம் வரும் நோயாளியின் சிறுநீரகம் அவர்கள் நோயாளியின் சிறுநீரகம் இல்லை.

உப்பளத்துக்கு வாருங்கள். பாத்தியில் நிற்பவருக்கு மேலே வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து அதே வெயில் திருப்பி அடிக்கும். ஒதுங்க மரமும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தள்ளிப் போடுவார்கள். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதும், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரக வேகம் குறைந்திருப்பதும் தெரிந்தது. தமிழ்நாட்டின் விவசாயத் தொழிலாளர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், சிறுநீரக நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவுமே இல்லை. வேலைதான் சிறுநீரகத்தைத் தின்கிறது என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. அப்படித் தேய்ந்த சிறுநீரகத்தையே காரணம் காட்டி அவர்களுக்குப் புற்றுநோய் சிகிச்சை இல்லை என்றால், முதல் அநியாயத்தை இரண்டாவது அநியாயத்துக்குச் சான்றிதழாகக் கொடுக்கிறோம்.

5

இதே சோம்பல் எதிர்ப்பக்கமும் ஆளைக் கொல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். க்ரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த, மெலிந்த உடம்பில் அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். அதனால் சிறுநீரகம் பாதி போன பிறகும் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருக்கும். பிரான்சில் 4,684 புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வில், க்ரியாட்டினின் கூடுதலாக இருந்தவர்கள் 7 விழுக்காடு மட்டுமே. வயது, எடையோடு சேர்த்துக் கணக்குப் போட்டபோது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரக வேகம் ஏதோ ஓர் அளவு குறைந்திருந்தது.

அதாவது வெறும் க்ரியாட்டினினைப் பார்ப்பவர் இரண்டு தவறு செய்வார். ஒருத்திக்கு 1.6 என்று பார்த்து அனுப்பிவிடுவார். இன்னொருத்திக்கு 1.0 என்று பார்த்து முழு அளவு மருந்தை ஏற்றி, இருந்த கொஞ்ச சிறுநீரகத்தையும் முடித்துவிடுவார். இருவருமே நாற்பது கிலோ எடையுள்ள கூலிக்காரப் பெண்கள்.

சூத்திரங்களும் வானத்திலிருந்து வந்தவை இல்லை. நான் மேலே பயன்படுத்திய காக்ராஃப்ட்-கால்ட் கணக்கு 1976இல் கனடாவில் 249 ஆண் நோயாளிகளை வைத்துப் போட்டது. பெண்களுக்கு என்ன செய்வது? 15 விழுக்காடு குறைத்துக்கொள் என்றார்கள். பெரியம்மாவுக்கு அது 28 என்கிறது, லேபின் புதிய கணக்கு 37 என்கிறது. எது சரி? சந்தேகமாக இருந்தால் ஐசோடோப் செலுத்தி நேரடியாகவே அளக்க வழி உண்டு. கால்வர்ட் தன் சூத்திரத்துக்கு அப்படித்தான் அளந்தார். 28ஓ 37ஓ, மருந்தின் அளவு மாறும். 'வீட்டுக்குப் போ' என்ற பதில் இரண்டு எண்ணிலுமே இல்லை.

மருத்துவர் தரப்பிலிருந்து வரக்கூடிய பதில் எனக்குத் தெரியும். ஒரு காலையில் நூறு பேர். ஒருவருக்கு மூன்று நிமிடம். சிறுநீரகம் பழுதான நோயாளி கீமோவில் இறந்தால் 'ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க' என்று வார்டில் அடிதடி. அப்புறம், கூகுள் பார்த்துவிட்டு வந்து 265 மில்லிகிராம் என்று சொல்லும் ஐடி பையன். எல்லாம் நியாயம். ஒரு பெருக்கல் கணக்கு சிகிச்சை ஆகிவிடாது. நோயாளி நடக்கிறாரா, சாப்பிடுகிறாரா, ரத்த அணுக்கள் எப்படி, வீட்டில் பார்த்துக்கொள்ள யார் என்றெல்லாம் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்ற முடிவுக்கு ஒரு நல்ல மருத்துவர் வரலாம். அந்த 'வேண்டாம்' மேல் எனக்கு மரியாதை உண்டு. அது கேள்வி கேட்ட பிறகு வரும் பதில். பெரியம்மாவுக்குக் கிடைத்தது கேள்வியே கேட்காத பதில். பெரியம்மா அன்று சாலையிலிருந்து ஓ.பி. வரை நடந்துதான் வந்தார்.

இன்னொன்று. மூன்று நிமிடம் எல்லோருக்கும் மூன்று நிமிடம் இல்லை. இதே க்ரியாட்டினினோடு வந்த என் மேலாளரின் அப்பாவுக்கு, சென்னையில், புற்றுநோய் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். மரபணுச் சோதனைதான் முதலில் போனது. அறிவியல் ஒன்றுதான், கட்டணம் வேறு.

6

கடைசி மாதங்களைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

முதுகெலும்பில் பரவியிருந்ததால் வலி. ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருப்பார். வாய்விட்டுக் கத்துகிறவர் இல்லை. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசி போட்டார்கள். முதலில் வாரம் இரண்டு, பிறகு தினமும். அவர் போன பிறகு அந்தச் சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். டைக்ளோஃபெனாக்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குத் தவிர்க்க வேண்டிய வலி மருந்துகளில் முதல் வரிசையில் இருப்பது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைப்பது. சிறுநீரகத்தைக் காரணம் காட்டி, கணக்கிட்டுக் கொடுக்கக்கூடிய மருந்தை மறுத்தோம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தைக் கணக்கில்லாமல் கொடுத்தோம். கடைசியில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, சிறுநீர் நின்றுபோய்தான் இறந்தார். புற்று கொன்றதா, ஊசி கொன்றதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

வலிக்கும் வழி இருந்தது. எலும்பில் பரவிய புற்றின் வலிக்கு ஒரே நாள், ஒரே தடவை, 8 கிரே கதிர்வீச்சு கொடுத்தால் பலருக்கு வலி தணியும். அதற்குக் க்ரியாட்டினின் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மார்ஃபினின் கழிவுகள் சிறுநீரகம் பழுதானால் உடம்பில் தேங்கும், உண்மை. அதனால் குறைந்த அளவில், அதிக இடைவெளி விட்டுக் கொடுப்பார்கள், அல்லது ஃபென்டனில் பட்டை ஒட்டுவார்கள். போதைமருந்துச் சட்டத்தை 2014இல் திருத்தியதே இந்த மருந்துகள் இப்படிப்பட்டவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். 'கேக்கறத வாங்கிக் குடுங்க' என்றாரே, பெரியம்மா கேட்டது அது ஒன்றைத்தான். அதை எங்கே வாங்குவது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எனவே என் கோரிக்கைகள் பெரியவை இல்லை. புதுக் கட்டடம் வேண்டாம். புற்றுநோய் சிகிச்சை தரும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு காலை சிறுநீரக மருத்துவரும் அதே அறையில் உட்கார வேண்டும். நோயாளி எட்டு நாள் இடைவெளியில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கோப்பைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. 'கிட்னி காரணமாகச் சிகிச்சை இல்லை' என்று சொல்பவர் அதைக் காகிதத்தில் எழுதித் தர வேண்டும்: எந்தச் சூத்திரம், என்ன எடை, என்ன வேகம், எந்தெந்த மருந்தை யோசித்து ஏன் விலக்கினார். எழுத வேண்டும் என்றாலே பாதிப் பேர் கணக்குப் போட்டுவிடுவார்கள். புகைபிடிக்காதவரின் அடினோகார்சினோமா என்றால், யாரும் கேட்காமலே மரபணுச் சோதனைக்குப் போக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அந்தச் செலவை ஏற்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து வீடு தேடி வருகிறது, பிரஷர் மாத்திரை தருகிறது, டயாலிசிஸ் பையைக்கூடக் கொண்டுவந்து தருகிறது. அதே பையில் சரியான வலி மருந்தும் வரட்டும். இந்தியாவில் ட்ரையல் நடத்துகிற கம்பெனி சிறுநீரக நோயாளிகளை விலக்கினால், ஏன் என்று அந்த மருந்தை வைத்தே காரணம் சொல்லட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் என்னைப்போல, ஏதோ ஒரு குடும்பத்தின் 'படிச்ச பையன்', 'படிச்ச பொண்ணு'. என்றைக்காவது உங்களையும் ஒரு ஓ.பி. அறைக்குள் கூட அழைத்துப் போவார்கள். சண்டை போட வேண்டாம். மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். சிறுநீரக வேகம் எவ்வளவு, எடையைச் சேர்த்துப் பார்த்தீர்களா சார்? கார்போபிளாட்டினோ மாத்திரையோ கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா? பயாப்சியை மரபணுச் சோதனைக்கு அனுப்பியாச்சா? மூன்றும் கேட்க ஒரு நிமிடம் ஆகும்.

நான் கேட்கவில்லை. கோப்பு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் ஈஜிஎஃப்ஆர் ஒரே ஒரு தடவைதான் வருகிறது.